வால் வெட்டிய பெயர்கள்: ரொவீஞ் நாட்குறிப்பு

பிப்ரவரி 6, 2024, செவ்வாய்

இவருக்கு இத்தாலியின் டிரியெஸ்தே நகரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வாரம் தலைக்கு மேல் வேலை. நான் வீட்டில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். இத்தாலியன் பேசிப் பழகலாம் என்று குரோஷியாவின் இஸ்திரியா தீபகற்பத்துக்கு, ரொவீஞ் என்ற கடலோர ஊருக்குக் கிளம்பிவிட்டேன். போனில் சொன்னதும் அக்கா, "இஸ்திரியாவா? துணி தேய்க்கிற இடமா?" என்றாள். சிரித்து முடித்த பிறகு, "இத்தாலியன் பேசிப் பழக எதுக்குடி குரோஷியாவுக்குப் போற?" என்று கேட்டாள். அதற்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

பஸ் ஸ்லோவேனியா வழியாகத்தான் போகிறது. எல்லைகளில் சோதனையே இல்லாமல் இருந்தது, போன அக்டோபரில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ்காரர் என் அட்டையைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஊரில் ஒற்றை எழுத்து இனிஷியலாக அடங்கிக் கிடந்த அப்பா, இத்தாலிக்கு வந்ததும் முழுநீளமாகி என் குடும்பப் பெயர் ஆகிவிட்டார். ஓர் அலுவலகத்தில் அப்படிப் பதிந்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

குரோஷியாவுக்குள் நுழைந்ததும் பலகைகளில் ஊர்ப் பெயர்கள் இரட்டையாக வரத் தொடங்கின. புயே, பூயியே. பொரெச், பாரென்ட்ஸோ. கடைசியாக ரொவீஞ், ரொவீஞோ. அறை வாடகைக்கு விடும் பாட்டி வாசலில் நின்று, அப்பாவின் பெயருக்கு முன் ஒரு 'சிஞோரா' சேர்த்து வரவேற்றார். எண்பத்து மூன்று வயது. இங்கே பாட்டியை 'நோனா' என்கிறார்கள். இத்தாலியர், குரோஷியர் எல்லாருக்கும் அதே சொல்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

நோனாவின் சமையலறையில் எத்தனை மொழி ஓடுகிறது என்று இன்று விரல் விட்டு எண்ணினேன். என்னிடம் பள்ளிக்கூட இத்தாலியன், மெதுவாக, எனக்காக. பக்கத்து வீட்டம்மாவிடம் வெனிஸ் பேச்சு. அதில் பாதிகூட எனக்குப் பிடிபடவில்லை. பேரனிடம் குரோஷிய மொழி. சாயங்காலம் மீன் கொண்டுவந்த கிழவரிடம் இன்னும் ஏதோ ஒன்று. அதுதான் இஸ்திரியோத்து என்றார். ரொவீஞ், வோத்ஞான், பாலே என்று தெற்கு இஸ்திரியாவின் ஆறு ஊர்களில் மட்டும் மிச்சமிருக்கும் பேச்சு. பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். வெனிஸ் பேச்சு இங்கே வந்து பரவுவதற்கு முன்பிருந்தே இருப்பது.

குரோஷிய மொழியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் முள்கரண்டிக்கு வேறு சொல். இங்கே எல்லாரும் 'பிருன்' என்கிறார்கள். வெனிஸின் 'பிரோன்' அது. வெனிஸுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. துண்டு 'ஷுகமான்', தலையணை 'குஷின்', எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கு. தன்னை இத்தாலியன் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளாதவன்கூட வெனிஸ் சொல்லில்தான் தலைவைத்துத் தூங்குகிறான்.

ரொவீஞ் 1283 முதல் 1797 வரை வெனிஸுக்குக் கீழே இருந்தது. அன்றைக்கு இது ஒரு தீவு. நடுவிலிருந்த கால்வாயை 1763இல் தூர்த்துத்தான் கரையோடு ஒட்டவைத்தார்கள். மேட்டில் புனித யூஃபெமியா கோயில், அதன் மணிக்கூண்டு வெனிஸ் சான் மார்கோவின் தம்பி மாதிரி. உச்சியிலுள்ள சிலை காற்றுக்கேற்பத் திரும்பும்.

கீழே படகுத்துறையில் 'பத்தானா' என்ற தட்டையடிப் படகுகள். பாயின் நிறமும் கோலமும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. கரையில் நிற்கிறவர்கள் பாயைப் பார்த்தே நம்மவர் வருகிறாரா என்று சொல்லிவிடுவார்களாம். வலை இழுக்கும்போது கை சும்மா இருக்காதே, அதனால் வாத்தியங்களின் ஓசையையும் வாயாலேயே எழுப்பிப் பாடுவார்கள். 'பித்தினாதா' என்று பெயர். இந்தப் படகுக்கு இங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. மரபைக் காக்கும் நல்ல முன்மாதிரி என்று 2016இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பேச்சைவிடப் படகைக் காப்பாற்றுவது சுலபம் போலிருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

இன்று இத்தாலியில் நினைவு நாள். 1947இல் இதே தேதியில்தான் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இஸ்திரியாவின் பெரும்பகுதி இத்தாலியின் கையிலிருந்து, குரோஷியா அன்று அடங்கியிருந்த யூகோஸ்லாவியாவுக்குப் போனது. இந்த ஊர்களை விட்டுப் போனவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் நினைக்க 2004இல் சட்டம் போட்டு இந்த நாளை ஒதுக்கினார்கள். நோனா இத்தாலிய டிவியைப் போட்டார், பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்.

அந்த மாதங்களில் இஸ்திரியாவின் பூலா நகரமே காலியானது. சுமார் 32,000 பேரில் 28,000 பேர் வெளியேறினார்கள், பெரும்பாலோர் 'தோஸ்கானா' என்ற கப்பலில். மொத்தத்தில் இஸ்திரியா, ரியேகா, சாதார் பகுதிகளிலிருந்து போனவர்கள் இரண்டரை லட்சம் பேர் என்கிறார்கள் சிலர், மூன்றரை லட்சம் என்கிறார்கள் சிலர். டிரியெஸ்தே பழைய துறைமுகக் கிடங்கில் அவர்கள் விட்டுப்போன சாமான்களைப் போன வருஷம் பார்த்தேன். நாற்காலிமேல் நாற்காலியாக ஒரு மலை, சிலவற்றில் உரியவரின் பெயர் எழுதியிருந்தது. 'பிறகு வந்து எடுத்துக்கொள்கிறோம்' என்று வைத்துவிட்டுப் போனவர்கள், கடைசிவரை வரவில்லை.

1943 இலையுதிர்காலத்திலும் 1945 மே மாதத்திலும் யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் ஆட்கள் பலரைக் கொன்று 'ஃபோய்பே' என்ற ஆழமான சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் தள்ளினார்கள். மக்கள் ஓடியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். இதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டிவியில் கதையை 1943இலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. 1920 ஜூலையில் டிரியெஸ்தேயில் ஸ்லாவியர்களின் (ஸ்லோவேனியர், குரோஷியர் போன்றோரின்) மாளிகையை இத்தாலியப் பாசிஸ்டுகள் கொளுத்தினார்கள், அதே மாதம் பூலாவிலும் ஒன்று எரிந்தது. அப்புறம் குரோஷியப் பள்ளிகளை மூடினார்கள், தெருவில் அந்த மொழியைப் பேசவே பயமானது. அந்தக் கதையெல்லாம் டிவியில் எங்கே?

"உங்க வீட்டில் ஏன் போகவில்லை?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குப் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை. பாட்டி படுத்த படுக்கை. சித்தப்பா குடும்பம் போயிற்று, நாங்கள் இருந்தோம். அவ்வளவுதான். போனவர்கள் எங்களைக் கம்யூனிஸ்ட் என்றார்கள், வந்தவர்கள் எங்களைப் பாசிஸ்ட் என்றார்கள்" என்றார். உருளைக்கிழங்கு உரிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

நோனாவோடு கல்லறைத் தோட்டம். குடும்பக் கல்லில் ஒரே பெயர் மூன்று விதமாக வெட்டியிருக்கிறது. தாத்தாவுக்கு, ஸ்லாவியப் பெயர்களின் வாலாக வரும் 'இச்' ஒலியை இத்தாலிய எழுத்துக்கூட்டலில். முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியா ஆண்ட காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். முப்பதுகளில் இறந்த பெரியப்பாவுக்கு அந்த வாலே இல்லை. அப்பாவுக்கு வால் திரும்ப வந்திருக்கிறது, இந்தமுறை கொம்பு வைத்த குரோஷிய எழுத்தோடு.

நடுவிலுள்ள வாலில்லாத பெயருக்குக் காரணம் ஒரு சட்டம். 'இத்தாலிய வடிவத்துக்குத் திருப்புகிறோம்' என்ற பெயரில் 1927இல் இந்தப் பகுதிக்கு வந்தது. சில பெயர்களின் வாலை வெட்டினார்கள், சிலவற்றை அப்படியே மொழிபெயர்த்தார்கள். வோதோபிவெத்ஸ் என்றால் ஸ்லாவிய மொழியில் தண்ணீர் குடிப்பவன், அவன் பெவிலாக்வா ஆனான். வீட்டில் வெனிஸ் பேச்சும் பெயரில் ஸ்லாவிய வாலுமாக வாழ்ந்தவர்கள்தான் இங்கே ஏராளம். பெயரைப் பார்த்து இனம் சொல்ல முடியாத ஊரில் பெயரைத்தான் முதலில் பிடித்தார்கள்.

போர் முடிந்ததும் நோனாவின் அப்பா பழைய பெயரைத் திரும்ப வாங்கினார். நியாயம்தானே. ஆனால் 1953இல், டிரியெஸ்தே யாருக்கு என்று இத்தாலியோடு சண்டை முற்றிய நேரம், யூகோஸ்லாவிய அதிகாரிகள் ஓர் ஆணை போட்டார்கள். பெயர் ஸ்லாவிய மாதிரி இருக்கும் பிள்ளைகள் இத்தாலியப் பள்ளியை விட்டுக் குரோஷியப் பள்ளிக்கு மாற வேண்டும். நோனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த பள்ளிக்கு நடந்தாராம். பக்கத்து பெஞ்சுத் தோழிக்கு வீட்டில் பேச்சு குரோஷியம், பெயர் இத்தாலியம். அவள் அங்கேயே இருந்தாள்.

"அப்பா பெயரைத் திருப்பி வாங்கினார், விலையை நான் கொடுத்தேன்" என்றார் நோனா, கல்லில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டே. கோபம் எதுவும் தெரியவில்லை. எனக்குத்தான் வந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

நாளை தவக்காலம் தொடங்குகிறது, எனவே இன்று எண்ணெய்ச் சட்டி ஓயவில்லை. 'குரோஸ்துலே' என்பது மாவை நாடாவாக வெட்டி முடிச்சுப் போட்டுப் பொரிப்பது. 'ஃபிரித்துலே' நம்ம பணியாரத்தின் ஒன்றுவிட்ட அண்ணன். உலர்திராட்சையும் கொஞ்சம் சாராயமும் உண்டு. நான் முடிச்சுப் போட்டதெல்லாம் எண்ணெயில் அவிழ்ந்துவிட்டது.

பேரன் சாப்பிட வந்தான். அவன் அம்மா போஸ்னியாவிலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்தவர், தாத்தா உள்நாட்டு ஸ்மிஞ் பக்கம். இரண்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிறான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ற இடத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். "2011இல் இஸ்திரியன், 2021இல் இத்தாலியன்" என்றான். நடுவில் என்ன மாறியது? தோளைக் குலுக்கினான்.

அவன் மட்டுமில்லை. 2011இல் இஸ்திரியா மாவட்டத்தில் 25,203 பேர் இனம் என்ற இடத்தில் 'இஸ்திரியன்' என்றே எழுதினார்கள், நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். குரோஷியாவில் தங்களை இத்தாலியர் என்று பதிந்தவர்கள் 1981இல் 11,661, 1991இல் 21,303. பத்து வருஷத்தில் இத்தனை பிள்ளை யாரும் பெறவில்லை, எழுதும் பயம்தான் போயிருக்கிறது. பிறகு மெல்ல இறங்கி 2011இல் 17,807, 2021இல் 13,763. இந்த இறக்கத்தில் சாவும் இருக்கிறது, வேலை தேடிப் போனதும் இருக்கிறது, தோள் குலுக்கலும் இருக்கிறது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 'அழிகிறார்கள்' என்றோ 'பெருகுகிறார்கள்' என்றோ எழுதுகிறவர்களை இந்த அடுப்படியில் ஒருநாள் உட்காரவைக்க வேண்டும்.

பிப்ரவரி 15, வியாழன்

காற்று. டிரியெஸ்தேயில் இதை போரா என்போம், இங்கே பூரா. எப்படிச் சொன்னாலும் குடை உடைகிறது. நாள் முழுக்க உள்ளேயே. நோனா 'லா வோச்சே தெல் போபோலோ' படித்தார், ரியேகாவில் அச்சாகும் இத்தாலிய நாளிதழ். முதலில் மரண அறிவிப்புப் பக்கம், அப்புறம்தான் மற்றது.

பிப்ரவரி 17, சனி

பேரன் காரில் குரோஷ்ஞான் கூட்டிப்போனான். இத்தாலியப் பெயர் கிரிசிஞானா. குன்றின்மேல் கல்லாலான சின்ன ஊர். 1902 முதல் 1935 வரை டிரியெஸ்தேயிலிருந்து பொரெச் வரை ஓடிய குறுகிய தண்டவாள ரயில் கீழே நின்று போகுமாம், இப்போது அந்தப் பாதையில் சைக்கிள்கள். போருக்குப் பிறகு ஜனங்கள் கிளம்பிப்போய் வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1965இல் ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைத்துக் குடிவைத்தார்கள். கோடையில் இசைப் பயிலகம், கூட்டம். இன்று ஒரு பூனை, ஒரு திறந்த காபிக் கடை. குரோஷியாவிலேயே இத்தாலியர் விகிதம் அதிகமுள்ள இடங்களில் இந்த வட்டாரமும் ஒன்று, 2011இல் பத்துக்கு நான்கு பேர். அவர்கள் இன்று எங்கே என்றேன். "அம்மாடி, தோட்டத்தில் கிளை வெட்டுவார்கள், இது ஆலிவுக்கான மாசம்" என்றான். 'அம்மாடி' என்று நான்தான் எழுதுகிறேன், அவன் சொன்னது வெனிஸ் பேச்சில் வேறொன்று, அச்சில் ஏற்ற முடியாது.

திரும்பும்போது கேட்டேன், பிள்ளை பிறந்தால் எந்தப் பள்ளி? யோசிக்கவேயில்லை, இத்தாலியப் பள்ளிதான் என்றான். குரோஷியக் குடும்பங்களே இப்போது பலர் அங்கே சேர்க்கிறார்களாம். மொழி ஒன்று கூடும், அதோடு மேல்படிப்புக்கு டிரியெஸ்தே பக்கம். ஒரு காலத்தில் பெயரைப் பார்த்து வெளியே அனுப்பிய பள்ளியில் இன்று எந்தப் பெயரும் செல்லுகிறது. நோனாவிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். சொன்னேன். "பெஞ்சு அதே பெஞ்சாக இருக்காது" என்றார்.

பிப்ரவரி 19, திங்கள்

பெட்டி கட்டியாயிற்று. நோனா ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய் கொடுத்தார். பஸ்ஸில் மாறிவிடக் கூடாதென்று ஒரு துண்டுத் தாளில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தார், அதாவது அப்பாவின் பெயரை. கிட்டப்போய்ப் பார்த்தேன். கடைசி நான்கு எழுத்தைக் காணவில்லை.

"இடம் போதவில்லை, வாலை வெட்டிவிட்டேன்" என்றார். எனக்கு முன் அவரே சிரித்துவிட்டார்.