மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை, கம்பி தேடி

மச்சாளின் மேசையில் ஒரு சின்னப் பொலித்தீன் பை கிடந்தது. உள்ளே சுருட்டி வைத்த செப்புக் கம்பி, மூன்று மீற்றர். கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்தது. பக்கத்தில் அவளுடைய கணக்குக் கொப்பி. கம்பி, தபால் செலவு, மணி, கொளுவி என்று ஒரு பக்கம். தோடு விற்ற காசு மறுபக்கம். கழித்துப் பார்த்தேன். இரண்டு இரவு கண்விழித்த வேலைக்கு ஒரு சோற்றுப் பார்சல் காசுதான் மிஞ்சியிருந்தது.

"சாமான் வாங்கியே முடியுது மச்சாள். விலையைக் கூட்டினா ஆக்கள் வாங்க மாட்டாங்க" என்றாள்.

அவளுடையது நல்ல கைவேலை. கம்பியைச் சுற்றி முடிக்கிற இடத்தில் முனை எங்கே போனது என்று தெரியாது, விரலால் தடவினாலும் நெருடாது. அப்படி வேலை தெரிந்தவளுக்குக் கையில் காசு நிற்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. நானும் ஏழெட்டு வருடமாகக் கம்பி வளைக்கிறவள்தான். உதயதேவி ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து இறங்கியது, கல்லடியில் மச்சாள் வீட்டில் மூன்று நாள் ஓய்வாக இருக்க. அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு ஓய்வு எங்கே வரும்?

மா அளக்கிற தராசை எடுத்து அந்தக் கம்பியை வைத்தோம். 14 கிராம். இருவரும் கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தோம். 14 கிராம் செம்புக்கா இவ்வளவு காசு?

"நாளைக்கு வெளிக்கிடுவம். மீற்றர்ல விற்கிற இடத்துக்குப் போகத் தேவையில்லை, நிறுத்து விற்கிற இடமாப் பார்ப்பம்" என்றேன். மறுநாள் வியாழக்கிழமை. அதுவும் நல்லதாகப் போயிற்று. வெள்ளியென்றால் ஜும்ஆத் தொழுகை நேரம் வழியில் காத்தான்குடியில் கடைகள் பூட்டியிருக்கும்.

காலையில் பழைய கல்லடிப் பாலத்தால் நடந்தே புளியந்தீவுப் பக்கம் போனோம். 1924இல் திறந்த பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்களெல்லாம் அதில்தான் போகின்றன. வாவியில் இரண்டு தோணி நின்றது, வெயில் இன்னும் ஏறவில்லை. ஆறுதலாக நடக்கலாம்.

முதலில் போனது ஒரு மோட்டர் வைண்டிங் கடை. தண்ணீர் மோட்டரும் மின்விசிறியும் எரிந்துபோனால் கம்பி சுற்றிக் கொடுக்கிற இடம். நகை செய்கிறவர்கள் இந்தக் கடைகளைக் கண்டும் காணாமல் போய்விடுவார்கள். ஆனால் சுவர் முழுக்கத் தொங்குவது செப்புக் கம்பி ரீல்தான், மயிரிழை மாதிரி மெல்லியதிலிருந்து ஈர்க்குப் பருமன் வரைக்கும். கடை அண்ணனிடம் "இருபது கேஜ் இருக்கா?" என்று மச்சாள் கேட்டாள். கேஜ் என்பது கம்பியின் பருமனைச் சொல்கிற எண், பையில் அப்படித்தான் போட்டிருந்தது. அவர் அந்தப் பழைய கம்பியில் ஒரு துண்டை வாங்கி, மைக்ரோமீற்றரில் கவ்வி, திருகி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பொயின்ற் எட்டு ஒன்று தங்கச்சி. எங்கட கணக்குல இருபத்தொன்று."

பல நாள் குழப்பம் அந்த இடத்தில் தீர்ந்தது. யூடியூப்பில் நகை செய்து காட்டுகிறவர்களில் அநேகம் பேர் சொல்வது அமெரிக்க கேஜ். இங்கே வைண்டிங் கடைக்காரர் புழங்குவது பிரித்தானிய கேஜ். அமெரிக்க 20 என்றால் 0.81 மில்லிமீற்றர். பிரித்தானிய 20 என்றால் 0.91. பத்தில் ஒரு மில்லிமீற்றர் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கலாம். மணியின் துளைக்குள் கம்பி போகாதபோதுதான் தெரியும். எனக்கு ஒருமுறை முந்நூறு மணி அப்படியே வீணாகக் கிடந்தது. நாங்கள் அதிகம் பாவிக்கிற 18இலிருந்து 26 வரைக்கும், வீடியோவில் சொல்கிற எண்ணோடு ஒன்றைக் கூட்டிக் கேட்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். அதைவிட நல்லது மில்லிமீற்றரில் கேட்பது. கேஜ் குழம்பும், மில்லிமீற்றர் குழம்பாது.

அந்த 21இல் 100 கிராம் நிறுத்து வாங்கினோம். 100 கிராமில் ஏறக்குறைய 21 மீற்றர் வரும். மச்சாள் அதைக் கைவிரலில் கணக்குப் பார்த்து, திரும்ப ஒருமுறை பார்த்தாள். பையில் வந்தது மூன்று மீற்றர். முடிகிற தறுவாயில் இருந்த இரண்டு ரீல்களில் மிச்சக் கம்பியையும் அண்ணன் விலை குறைத்துத் தந்தார். மோட்டருக்குப் போதாத நீளம், எங்களுக்கு நாலு மாலைக்குப் போதும்.

இந்தக் கம்பியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மேலே மெல்லிய எனாமல் பூச்சு இருக்கும், தேயிலைச் சாயம் மாதிரி ஒரு நிறம். மணி கோப்பதற்கும் பின்னல் வேலைக்கும் அதை அப்படியே விடலாம், உள்ளே இருக்கிற செம்பு கறுக்காது. பற்றவைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் சாண்ட் பேப்பரால் சுரண்டி எடுக்க வேண்டும். நெருப்பில் எரித்து எடுக்கலாம் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தப் புகை கூடாது, அதுவும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில். எரிந்த மோட்டரிலிருந்து கழற்றிய பழைய கம்பியும் வேண்டாம். பசை பிடித்து முறுகிப்போயிருக்கும், வளைத்தால் உடையும்.

பூச்சில்லாத செம்பு வேண்டுமென்றால் வீட்டு வயரிங் வயர் இருக்கிறது. 1/1.13 என்று கேட்டால் உள்ளே 1.13 மில்லிமீற்றரில் ஒற்றைக் கம்பி. மோதிரத்துக்கும் கொளுவிக்கும் நல்ல பருமன். 7/0.67 என்றால் 0.67இல் ஏழு கம்பி. ஒரு மீற்றர் வயரை உரித்தால் ஏழு மீற்றர் கம்பி. புதுசாக வாங்கவும் தேவையில்லை. வீடு கட்டுகிற இடத்தில் வயரிங் முடிய, சாண் நீளத்திலும் முழ நீளத்திலும் துண்டுகள் மிஞ்சும். மச்சாளின் ஒழுங்கையிலேயே வயரிங் வேலை செய்கிற ஒரு தம்பி இருக்கிறாராம். இத்தனை நாளும் அவரிடம் கேட்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. ரப்பரை பிளேடால் கீறி உரிக்க வேண்டும், அதையும் எரிக்கக்கூடாது.

அங்கிருந்து கல்முனை பஸ். கல்லடி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் காத்தான்குடி. நடு வீதியில் ஈச்சமரங்கள் வரிசையாக நிற்கிற அந்த ஊரில் கடை இல்லாத இடம் குறைவு. நாங்கள் இறங்கியது இரண்டு கடைக்காக. ஒன்று மீன்பிடிச் சாமான் கடை. தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல், மணி கோக்க நல்ல உறுதி. தூண்டிலில் நூல் முறுக்காமல் இருக்கப் போடுகிற சுழல் கொளுவி, பித்தளையில் செய்தது. மாலையின் நடுவில் தொங்கல் திரும்பித் திரும்பி நிற்பதற்கு அதே சாமான்தான் வேண்டும். நகைச் சாமான் என்று பெயர் வைத்தால் விலை ஏறிவிடுகிறது, மீனுக்கென்றால் மலிவு. கடைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து வைத்தார்.

"இது என்னத்துக்கு தங்கச்சி, விரால் பிடிக்கவா?"

"இல்ல காக்கா, மாலை கட்ட."

அவர் ஒரு கொளுவியைத் தன் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காதது என்று எவர்சில்வர் வளையங்கள் கொண்டுவந்தார். நாங்கள் கேட்கவில்லை, அவராக யோசித்து எடுத்து வந்தது. ஈயக் குண்டுகளும் அழகாகத்தான் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. உடம்பில் போடுகிற எதிலும் ஈயம் வரக்கூடாது, ரேடியோ பற்றவைக்கிற ஈயக் கம்பியும் அப்படித்தான்.

மற்றது வெல்டிங் சாமான் கடை. பற்றவைக்கப் பாவிக்கிற பித்தளைக் கோல்கள் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்தில் கிடைக்கும். 2.4 மில்லிமீற்றர் கோல் ஒன்றில் நாலு காப்பு வளைக்கலாம். வெள்ளையாகப் பூச்சு ஒட்டியதை விட்டுவிட்டு வெறும் கோலைக் கேளுங்கள்.

ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை என்று பஸ் நின்று நின்று போனது. களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்கள். களுவாஞ்சிக்குடி தாண்டி வீதியோரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையைக் கண்டு, மணியடித்து இறங்கிவிட்டோம்.

பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் கொண்டுபோக வேண்டும். மச்சாள் குளிரூட்டிக் கதவில் ஒட்டுகிற பொம்மையையே கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சளாக மினுங்குவதெல்லாம் பித்தளை அல்ல. காந்தம் பிடித்தால் அது முலாம் பூசிய இரும்பு. பிடிக்காததிலும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்த் திருகுகளில் வெட்டுவதற்கு இலகுவாக ஈயம் கலந்திருக்கலாம், அதனால் விட்டோம். உடைந்த குத்துவிளக்கு வார்ப்பு வேலை, தட்டினால் பிளந்துவிடும். எங்களுக்கு வேண்டியது தகடு. அதற்கு நசுங்கிய குடம்தான் சரி. தகட்டை அடித்துச் செய்தது, வெட்டி விரித்தால் திரும்பத் தகடு. அடி ஓட்டையான ஒரு குடத்தை நிறுத்து வாங்கினோம், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. கழுத்தையும் அடியையும் கழித்தாலும் வயிற்றுப் பக்கம் மட்டும் நூறு தொங்கலுக்கு மேல் வரும். உருக்க நினைக்காதீர்கள். பித்தளையைக் கொதிக்க விட்டால் அதிலுள்ள துத்தநாகம் புகையாகி வரும், அது காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

குடத்துக்குக் கீழே ஒரு வெற்றிலை வட்டா இருந்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாக உளி வைத்து யாரோ ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. சீதனத்தில் வந்ததாக இருக்கும். நல்ல தகடு, கனமும் சரி. மச்சாள் அந்த எழுத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள். "இதை வெட்டேலாது" என்றாள். நானும் வெட்டச் சொல்லவில்லை. அதையும் நிறுத்துத்தான் வாங்கினோம். அன்றைய கணக்கில் அது மட்டும் சேராது.

கல்முனையில் இறங்கும்போது மூன்று மணி. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு நகைப்பட்டறை, பத்தர் ஐயா ஒருவர் தனியாக இருந்து வேலை செய்கிறார். இங்கே வந்தது காது கம்பிக்காக. செம்பும் பித்தளையும் தொங்கலுக்குச் சரி, காது துளைக்குள் போவது வெள்ளியாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிக்கல் கலந்த மலிவுக் கொளுவியால் காது புண்ணாகிப்போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வெள்ளி என்றதும் பயப்பட வேண்டாம். 0.8இல் ஒரு சோடிக் கொளுவிக்கு அரைக் கிராமும் போகாது, 10 கிராமில் 20 சோடி தாராளமாக வரும்.

எங்களுடைய பித்தளைக் கோலைப் பார்த்துவிட்டு ஐயா, "இதை அப்படியே வளைச்சா முறியும் மகள், முதல்ல இளக்கணும்" என்று எழும்பினார். கோலை எடுத்துக்கொண்டு பட்டறையின் இருட்டு மூலைக்குப் போனார். வெயிலில் நிறம் தெரியாது, நிழலில்தான் தெரியும் என்றார். நெருப்பை நுனியிலிருந்து மெதுவாக நகர்த்தினார். மஞ்சள் கறுத்தது. கறுப்புக்குள்ளிருந்து ஒரு மங்கல் சிவப்பு, சாம்பலுக்குள் தணல் மாதிரி. அந்தச் சிவப்பு வந்த உடனே நெருப்பை எடுத்துவிட்டார். அதற்கு மேலே ஒரு மூச்சு நேரம் பிடித்தாலும் கோல் பழுது. சிவப்பு அடங்கும் வரை பொறுத்து, தண்ணீரில் வைத்தார். சீறியது. பிறகு அதை மச்சாளின் கையில் கொடுத்தார். அவள் விரலாலேயே வளைத்தாள், ஈர்க்கு மாதிரி வளைந்தது. நாலைந்து தரம் வளைத்தால் திரும்ப இறுகும், திரும்ப இளக்க வேண்டும். கறுப்புப் போக தேசிக்காயும் உப்பும், இல்லையென்றால் பழம்புளி. குத்துவிளக்கு மினுக்குகிற அதே முறைதான்.

காசு கேட்டபோது வெள்ளிக்கு மட்டும் எடுத்தார். "நாளைக்குப் பிழைச்சா கொண்டு வாங்க" என்றார்.

கல்லடிக்கு வந்து சேர இருட்டிவிட்டது. வட்டாவைப் புளி போட்டுத் தேய்த்து மேசையில் வைத்தாள், அதற்குள் கம்பிச் சுருள்கள். கணக்குக் கொப்பியில் புதுப் பக்கம் திறந்து, மீற்றர் என்று இருந்த இடத்தில் கிராம் என்று எழுதினாள். பஸ் காசையும் சேர்த்துத்தான் போட்டாள், சோடித் தோட்டுக்குச் சாமான் செலவு முந்தியதில் கால்வாசிக்கும் கீழே நின்றது.

காலையில் நான் பை கட்டிக்கொண்டிருக்கும்போது கேற்றடியில் சைக்கிள் மணி. வயரிங் வேலை செய்கிற தம்பி. கைப்பிடியில் ஒரு சீமெந்துப் பை, அதற்குள் சிவப்பும் கறுப்புமாக வயர்த் துண்டுகள்.

"அக்கா, கேட்டீங்களாம். இவ்வளவு போதுமா?"

மச்சாள் உள்ளே ஓடினாள், தராசை எடுக்க.