ஓதம் ஏறும் மண்ணில் ஒரு பரிசுத்த திரித்துவ ஆலயம்

அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. லண்டனில் பெரிய பேராலயங்களையெல்லாம் காட்டிவிட்டேன். "இதெல்லாம் பாத்தாச்சு பிள்ள. நம்ம சேகரக் கோயில் மாதிரி, ஊர் ஜனங்க வந்து முழங்கால் போடுற இடம் ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அப்படித்தான் சஃபோக் மாவட்டத்திலுள்ள பிளைத்பரோவுக்குப் போனோம்.

ஏ12 சாலையில் போகும்போதே ஆலயம் தெரிந்துவிடும். கீழே பிளைத் ஆற்றின் கழிமுகம். ஓதம் வடிந்திருந்ததால் கண்ணுக்கு எட்டியவரை சேறு மினுங்கிக்கொண்டிருந்தது. மேட்டின்மேல், நிலைக்கு வந்த தேர்போல ஆலயம். "சதுப்பு நிலத்தின் பேராலயம்" என்று இதைச் சொல்வதுண்டு. பேராலயம் என்றால் பேராயரின் ஆலயம். ஆனால் இங்கே பேராயர் யாரும் இருந்ததில்லை. அன்றும் இன்றும் இது ஒரு சேகரத்தின், அதாவது ஊர்ச்சபையின், ஆலயம்.

இன்றைக்கு பிளைத்பரோ ஒரு சிற்றூர். அன்றோ கப்பல் வந்துபோன துறை, சந்தை கூடிய ஊர். 7ஆம் நூற்றாண்டில் போரில் மடிந்த கிழக்கு ஆங்கிலியா என்ற பழைய அரசின் மன்னர் அன்னாவை இந்த ஊரில்தான் அடக்கம் செய்தார்கள் என்பது பழைய மரபு. பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு ஆச்சரியம். ஆண் பெயர்தான் என்று விளக்க வேண்டியிருந்தது. இப்போதுள்ள ஆலயத்தை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பினார்கள். கோபுரம் மட்டும் அதற்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. பிறகு ஆறு தூர்ந்துபோனது, வாணிபம் போனது. அருகிலிருந்த அகுஸ்தீனிய மடத்தையும் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடிவிட்டார்கள். ஊர் சுருங்கியது, ஆலயம் மட்டும் கட்டிய அளவிலேயே நின்றது.

சுவர்களில் சிக்கிமுக்கிக் கல்லை உடைத்து, அதன் கரும்பளபளப்பு வெளியே தெரியும்படி வெள்ளைக் கல்லுக்கு நடுவே பதித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து மண்ணில் கிடைக்கிற கல் அது. தொட்டால் கண்ணாடிபோல வழவழவென்றிருக்கிறது.

உள்ளே கால் வைத்தோம். வெளிச்சம்! பழைய வண்ணக் கண்ணாடிகளில் துண்டுகள்தான் மிச்சம். சாதாரணக் கண்ணாடி வழியே, மேல்வரிசையில் பக்கத்துக்கு 18 ஜன்னல்களிலிருந்து பகல் அப்படியே உள்ளே இறங்குகிறது. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் கழற்றினேன். கல்தரை ஜில்லென்றது.

"மேல பாரு" என்றார் அம்மா.

கூரை நெடுக மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள். இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு சேர்த்து, சிறகை முழுதாக விரித்தபடி இருக்கிறார்கள். உத்தரங்களில் மங்கிய சிவப்பிலும் பச்சையிலும் பூவேலை, நடுநடுவே இயேசுவின் திருப்பெயர்க் குறி. ஐந்நூறு ஆண்டுக்கும் மேலான சாயம் அது. புதுப்பூச்சு பூசாமல் விட்டுவைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். கழுத்து வலிக்கவே, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பார்த்தோம்.

1644 ஏப்ரலில் வில்லியம் டவ்சிங் என்பவர் இங்கே வந்தார். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். ஆலயங்களிலுள்ள உருவங்களை அழிக்க நாடாளுமன்றப் படைத் தரப்பு அனுப்பிய ஆள். தான் செய்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர். இந்த ஆலயத்தில் 20 கேருபீன்களை, அதாவது சிறகுள்ள தூதர்களை, இறக்கிவிட வேண்டும் என்று கட்டளையிட்டதாக அதில் இருக்கிறது. ஆனால் தூதர்கள் இறங்கவில்லை. அந்த உயரத்துக்கு ஏணி வைக்க யாருக்குக் கை வந்திருக்கும்?

தூதர்களின் உடம்பில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. டவ்சிங்கின் ஆட்கள் சுட்டவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு பார்த்தால், குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உள்ளே கூடு கட்டிய சிறு காக்கைகளைச் சுடுவதற்கு மருந்தும் ரவையும் வாங்கிய செலவு ஆலயக் கணக்கிலேயே இருக்கிறதாம். பகைவர் செய்தது என்று நினைத்த காயம் வீட்டுக்காரர் கையால் வந்தது! எனக்கு இது வெகுநேரம் மனதைவிட்டுப் போகவில்லை.

ஆனால் உருவங்களை அழித்தவர்களின் கைக்கு எட்டியவை தப்பவில்லை. மேற்கே இருக்கும் ஞானஸ்நானத் தொட்டியைப் போய்ப் பார்த்தோம். எட்டுப் பட்டை. பழைய திருச்சபையின் ஏழு திருவருட்சாதனங்களும், ஞானஸ்நானம் போன்ற புனிதச் சடங்குகள், அதில் செதுக்கப்பட்டிருந்தன. இப்போது ஒவ்வொரு பட்டையிலும் உளி கொத்திய சொரசொரப்பு மட்டும். அம்மா உள்ளங்கையை விரித்து அந்தக் கல்லின்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. "முகத்தைக் கொத்திட்டாங்க. ஆனா தண்ணி நிக்கிற இடத்தை விட்டுட்டாங்களே" என்றார். இத்தனை தலைமுறைக் குழந்தைகளுக்கு இங்கே ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணியபோது எனக்குக் கண் கலங்கியது.

இருக்கைகளின் முனைகளில் சிறு சிறு மர உருவங்கள். பாவங்களை அப்படியே உட்கார வைத்திருக்கிறார்கள். சோம்பல் படுக்கையைவிட்டு எழவில்லை. பெருந்தீனி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேராசை பணப்பெட்டியின்மேல் அமர்ந்திருக்கிறது. எழுத்து தெரியாத உழவரும் மீனவரும் பிரசங்கத்துக்கு முன்னமே படித்துவிட்ட பாடம் இது. அந்த உருவங்களின் தலை பல கைகள் பட்டு வழுவழுப்பாகியிருக்கிறது.

வடக்குக் கதவின் உட்பக்கம் கருகிய தழும்புகள் உண்டு. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நேரத்தில் பெரும் புயலும் இடியும். ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் மாண்டார்கள். கோபுரத்தின் கூம்பு சரிந்தது. கறுப்பு நாயாக வந்த சாத்தானின் நகக்கீறல் என்று ஊர்க்கதை அந்தத் தழும்புகளைச் சொல்கிறது. பயணிகள் அதைத்தான் தேடி வந்து படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் மனம் ஒட்டவில்லை. ஜெபிக்க வந்து வீடு திரும்பாத அந்தச் சிறுவனின் தாயைத்தான் நினைத்தேன். கதவின் முன் நின்று அம்மா மெல்லிய குரலில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னார்.

19ஆம் நூற்றாண்டில் கூரை ஒழுகி, மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஆராதனை செய்த காலமும் இருந்தது. 1881இல் ஆபத்தென்று மூடினார்கள். பணம் திரட்டிப் பழுது பார்த்து 1884இல் திறந்தார்கள். இன்றைக்கும் அந்தச் சிற்றூர்ச் சபைதான் இத்தனை பெரிய கூரையைத் தாங்குகிறது. வாசலோரக் காணிக்கைப் பெட்டியில் அம்மா தன் பர்ஸிலிருந்த ஊர்ப் பணத்தைப் போடப்போனார். தடுத்து, பவுண்டு தாளாக மாற்றிக் கொடுத்தேன்.

புறப்படும்முன் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து கூரைத் தூதர்களைப் பார்த்தோம். "கவனிச்சியா? ஒருத்தர் பீடத்தப் பாக்கறார், முதுகுப் பக்கம் இருக்கறவர் வாசலப் பாக்கறார்" என்றார் அம்மா. அதுவரை நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது ஓதம் ஏறியிருந்தது. சேறு இருந்த இடமெல்லாம் தண்ணீர். அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடியே புல்தரையில் கொஞ்சதூரம் நடந்தார்.