கொடியில் மூன்றாவது இலை

கொடிவழி, அதாவது குடும்ப வம்சம், தேடும் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு நெடுநாளாக மூன்று இலச்சினைகள் இருந்தன. சென்னை நண்பர்கள் கோபுரத்தையும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நண்பர்கள் கப்பலையும், மொரீசியசில் இருப்பவர்கள் ஆலமரத்தையும் தத்தம் இணையப் பக்கங்களின் தலைப்பில் வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களிடம் இதை எடு, அதை மாற்று என்று யார் சொல்வது என்ற தயக்கத்திலேயே காலம் ஓடிவிட்டது. ஒரு சிறிய குளறுபடிதான் அந்தத் தயக்கத்தைக் கலைத்தது. ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்த தம் பூட்டனாரின் பெயர் உள்ள கப்பல் பட்டியலின் நகலை ஒருவர் சென்னைக்கும் டர்பனுக்கும் தனித்தனியே அனுப்பியிருந்தார். இலச்சினை வேறாக இருந்ததால் அமைப்பும் வேறு என்றே அவர் எண்ணியிருந்தார். ஒரே பக்கங்களை இரண்டு ஊர்களில் இரண்டு பேர் இரண்டு வாரம் கண் நோகப் படியெடுத்து முடித்த பிறகே விஷயம் தெரியவந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் அன்று. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் 1996இல் முளைவிட்டு, பிறகு நாடு முழுவதும் பரவிய, வம்சத் தகவல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் யு.எஸ்.ஜென்வெப் திட்டத்தில் மாநிலத்துக்கு ஒரு பக்கம், மாவட்டத்துக்கு ஒரு பக்கம் என்று வெவ்வேறு தன்னார்வலர்கள் தம் விருப்பப்படி வடிவமைத்து நடத்துகிறார்கள். ஒரு பக்கத்தின் நிறமும் எழுத்தும் இன்னொன்றைப் போல் இருப்பதில்லை என்பதால், இதுவும் அந்தத் திட்டத்தைச் சேர்ந்ததே, இங்கே தகவலுக்குக் காசு கேட்க மாட்டார்கள் என்று வந்தவருக்கு உடனே சொல்லக்கூடியது இலச்சினை ஒன்றுதான்.

ஒன்றே போதும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். எந்த ஒன்று என்பதில்தான் மூன்று மாதம் போயிற்று. கோபுரம் முதலில் விழுந்தது, ஏனென்றால் எங்களிடம் வேர் தேடி வருகிறவர்களில் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு. ஆலமரத்துக்காகப் பேசிய மூத்த உறுப்பினர், "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க" என்று மணமக்களை வாழ்த்தும் மரபை நினைவூட்டினார். வாழ்த்தில் மூன்று செடிகள் இருக்க ஒன்றை மட்டும் எப்படி எடுப்பது என்று நான் குறுக்கே கேட்டது குறும்புதான் என்றாலும், என் உண்மையான மறுப்பு வேறு. மரம் என்றால் அடியும் வேரும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிமரம் கப்பல் பட்டியலில் உள்ள ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது: ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. அந்த ஊர்ப் பெயரும் எழுத்தரின் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதற்குக் கீழே வேர் எங்கே போயிற்று என்பதைத் தேடுவதுதான் எங்கள் வேலையே.

அப்படியானால் கப்பலே பொருத்தம் என்றார்கள் டர்பன் நண்பர்கள். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள். இதைவிட நேரான சின்னம் ஏது என்பது அவர்கள் வாதம். மொரீசியசைச் சேர்ந்த ஓர் அம்மையார் மட்டும், "எங்கள் ஆட்கள் அந்தக் கப்பலில் ஏறினது ஒரு தடவை, நீங்கள் தினமும் ஏற்றப் போகிறீர்களா?" என்று கேட்டார். அதன் பிறகு கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வாக்கெடுப்பில் ஒரு பாடம் கிடைத்தது. ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்திருந்தால் கப்பல் வென்றிருக்கும். ஆனால் கொடி உட்படப் போட்டியிலிருந்த ஐந்து வடிவங்களையும் விருப்ப வரிசையில் எழுதச் சொன்னதால், கப்பலை முதலில் எழுதியவர்களைவிடக் கடைசியில் எழுதியவர்களே அதிகம் என்பது தெரிந்தது. பெரும்பாலோரின் தாளில் இரண்டாவதாக இருந்த கொடி, இடங்களைக் கூட்டிப் பார்த்தபோது முன்னே வந்தது. கொழுகொம்பைச் சுற்றி ஏறும் ஒரு கொடி, அவ்வளவுதான் வடிவம். தமிழில் வம்சத்தைக் கொடிவழி என்றும் கால்வழி என்றும் சொல்கிறோம். வம்சத்தைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'பெடிக்ரீ'யும் நாரையின் கால் என்ற பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. வம்சப் பட்டியலில் கிளை பிரியும் கோடுகள் நாரைக் காலடி போல் இருந்தனவாம்.

வென்ற வடிவத்தைப் பதினாறு புள்ளி (பிக்சல்) அளவுக்குச் சுருக்கியபோது கொடி மறைந்து கேள்விக்குறி ஒன்று நின்றது. நம் பிழைப்புக்கு இதுவே சரி என்று ஒருவர் சொல்ல, சிரித்துவிட்டு, கொம்பைத் தடிப்பாக்கி நுனியில் இரண்டு இலை சேர்த்தோம். தமிழ்நாட்டில் இரட்டை இலையை வைத்துக்கொண்டு நாங்கள் கட்சி சார்பற்றவர்கள் என்று யாரிடம் சொல்வது? மூன்றாவது இலை வந்த கதை இதுதான். அது மூன்று தலைமுறைகளைக் குறிக்கிறது என்று யாரோ விளக்கம் எழுதியிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை. பெயரைத் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்றிலும் எழுத வேண்டியிருப்பதால் இலச்சினைக்குள் எழுத்தே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

வரைந்து கொடுத்தவர் நம்மவர்தானே என்று விட்டுவிடாமல் உரிமையை எழுதி வாங்கியதும் நல்லதாயிற்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். மூன்று நாடுகளில் புழங்கும் சின்னத்துக்கு அது எந்த மூலைக்குப் போதும்? காலத்தையும் எல்லையையும் ஒரு தாளில் வெளிப்படையாக எழுதிக் கையொப்பம் வாங்கினோம்.

பக்கங்களை மாற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. டர்பன் பக்கத்தின் தலைப்பில் கொடி ஏறிவிட்டது. பழைய கப்பலைக் கப்பல் பட்டியல் பகுதியின் மேல் ஒரு படமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று அவர்கள் கேட்டார்கள். மறுப்புச் சொல்லவில்லை அந்த மொரீசியஸ் அம்மையார். படத்தின் கீழே கப்பலின் பெயரையும் நாளையும் எழுதிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.