மலை ஹோட்டலில் என்ன கேட்கலாம், எப்போது கேட்கலாம்

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கத் தொடங்கிவிடும். அதற்குமேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் ஆவிதான் கூடும், சூடு ஏறாது. குன்னூர் கொஞ்சம் இறக்கம் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். கொடைக்கானலில் ஏறக்குறைய ஊட்டி மாதிரியேதான். நீலகிரியில் வெளியே சாப்பிடும்போது தட்டில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஏழெட்டு டிகிரியிலிருந்தும் குளிரிலிருந்தும் வருபவை. ஹோட்டலின் பெயரையும் போனில் தெரியும் நட்சத்திரங்களையும் பார்ப்பதைவிட, அந்த நேரத்தில் அந்த அடுப்பில் எது நன்றாக வரும் என்று யோசித்துக் கேட்டால் சின்ன மெஸ்ஸில்கூட வயிறாரச் சாப்பிடலாம்.

முதலில் சாதம். திறந்த பாத்திரத்தில் உலை வைத்து வடிக்கும் அரிசி, கீழே வேகும் நேரத்தில் இங்கே வேகாது. மேல்பக்கம் குழைந்து, நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு நிற்கும். ஒரு பருக்கையை விரல்களுக்கு இடையில் நசுக்கினால் தெரிந்துவிடும். துவரம்பருப்பும் அப்படியே. பருப்பு கரையாமல் அடியில் தங்கி, மேலே புளித்தண்ணீர் தனியாக நிற்கிற சாம்பார் பெரும்பாலும் குக்கர் ஏறாத சாம்பார். குக்கருக்குள்ளும் மலையில் சூடு கொஞ்சம் குறைவுதான்: சமவெளியில் 120 டிகிரி எட்டுகிற அதே குக்கர் ஊட்டியில் 116ஐ ஒட்டித்தான் நிற்கும். அதனால் கீழே மூன்று விசில் போதும் என்றால் இங்கே நாலு, ஐந்து வேண்டும். கொண்டைக்கடலை, ராஜ்மா, மட்டன் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். நல்ல சமையல்காரருக்கு இது கைப்பழக்கம். சீசன் நெரிசலில்தான் பிசகும். மதியம் பன்னிரண்டேகாலுக்குப் பரிமாறும் முதல் ஈடு காலையிலிருந்து நிதானமாக வெந்தது. இரண்டு, இரண்டரைக்கு வருவது, கூட்டத்தைப் பார்த்து அவசரமாக ஏற்றிய ஈடு. ஏப்ரல், மே மாதங்களில் மீல்ஸ் சாப்பிடுவதென்றால் ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பூங்கா கொஞ்ச நேரம் காத்திருக்கும். பிந்திப் போனால் மட்டன் குழம்பைத் தவிர்த்துவிட்டு சிக்கன் கேளுங்கள். அது சீக்கிரம் வேகும் கறி, அரைவேக்காட்டில் நிற்கும் வாய்ப்பு குறைவு.

அடுத்தது மாவு. ஊட்டி டிசம்பர், ஜனவரியில் இட்லி கேட்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். அரைத்த மாவு பொங்க 27, 28 டிகிரி சூடு இருந்தால் சுகம். அப்படி இருந்தால் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். மலை ராத்திரிகளில் சமையலறையே பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த மாவுக்கு ஒரு முழு நாள்கூட ஆகலாம். விவரமான கடைக்காரர்கள் முந்தின நாள் காலையிலேயே அரைத்து, வெந்தயம் கூட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பாய்லருக்கு அல்லது விறகடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பதும் உண்டு. இதெல்லாம் செய்யாத இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும்: இட்லி தட்டையாக, அழுத்தமாக வரும், அல்லது சோடா உப்பைப் போட்டு உப்ப வைப்பார்கள். சோடா கூடினால் இட்லியில் லேசான மஞ்சள் சாயல், பெரிய பெரிய துளை, நாக்கின் கடைசியில் சோப்புச் சுவை. முதல் துண்டிலேயே தெரியும்.

குளிர்காலக் காலையில் இட்லியைவிட வெண்பொங்கலே நம்பகமானது. அதற்கு மாவு பொங்க வேண்டியதில்லை, குக்கரில் வேகிறது, மிளகும் இஞ்சியும் குளிருக்கு இதம். ஒரே நிபந்தனை: வந்தவுடன் சாப்பிட வேண்டும், ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் நெய் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். ரவா தோசை, சப்பாத்தி, பூரியும் நல்ல தேர்வு. தோசைக்கு ஒரு யோசனை: கடை திறந்தவுடன் முதல் ஆளாகக் கேட்காதீர்கள். குளிரில் சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் மெதுவாகத்தான் ஆவியாகும், தீ சோம்பலாக எரியும். அதனால்தான் சில கடைகளில் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிற்க வைத்திருப்பார்கள். கல் சரியாகக் காய நேரமாகும், அதற்குமுன் ஊற்றும் தோசை ஒட்டும், வெளிறும். ஒரு ஏழெட்டு தோசை போன பிறகு கல் பதத்துக்கு வந்துவிடும். "அண்ணே, கல்லு நல்லா காஞ்சிருச்சா?" என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தட்டுக்கு வந்தபின் குளிர் செய்யும் வேலை தனி. எவர்சில்வர் தட்டு, கண்ணாடி ஜன்னல் ஓரம், கதவு திறந்து திறந்து மூடும் வாசல் மேஜை: இந்த மூன்றும் சேர்ந்தால் பரோட்டா சில நிமிடங்களில் விறைத்துவிடும். காட்சிக்காக ஜன்னலோரம் உட்கார ஆசையாகத்தான் இருக்கும். டீக்கு உட்காருங்கள், சாப்பாட்டுக்கு சமையலறைப் பக்கத்து மேஜையைக் கேளுங்கள். நாலு பேருக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாமல், ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்குத் தனியாக முதலில் வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஊட்டிக் குளிர்ல எதுவும் கெடாது" என்று வருகிறவர்களும் சொல்கிறார்கள், சில கடைக்காரர்களும் நம்புகிறார்கள். அது தவறு. கிருமிகள் பெருகும் எல்லை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. ஊட்டியின் நடுப்பகல் 20 டிகிரி அதற்குள் வசதியாக அடங்குகிறது; அடுப்பு எரியும் சமையலறை அதைவிடச் சூடு. வேக வைத்த சாதத்தில் உயிர்பிழைக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் சாதம் மெல்ல ஆறும்போது முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி வாணலியில் வதக்கினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைப்பது இதுதான். மதியம் மீந்த சாதம் சாயங்காலம் ஃபிரைடு ரைஸ் ஆகும் கடைகளில் இதுதான் ஆபத்து. ஏரிக்கரைத் தள்ளுவண்டியில் சாதத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள்: மூடிய பெட்டியில் ஐஸ் வைத்திருந்தால் சரி, திறந்த பேசினில் மலையாகக் குவிந்து கிடந்தால் நூடுல்ஸ் கேட்டுவிடுங்கள். விடுதி பஃபேயிலும் இதே கண் வேண்டும். குழம்பின் மேல் ஆவி பறக்க வேண்டும். அடியில் தண்ணீர் கொதிக்காமல் மூடி மட்டும் பளபளக்கும் பாத்திரத்தில் கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் அதை விட்டு, அங்கேயே சுட்டுத் தரும் ஆம்லெட், தோசை பக்கம் நகருங்கள்.

காபிக்கு மலை உயரம் ஒரு குறையே இல்லை. டிகாக்‌ஷன் இறக்க 90 முதல் 96 டிகிரித் தண்ணீர்தான் சரியானது. ஊட்டியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் அந்த எல்லைக்குள்தான். டம்ளர் குளிர்ந்திருப்பதுதான் வினை. வெந்நீரில் கழுவித் தரச் சொன்னால் காபி கடைசி மடக்கு வரை சூடாக இருக்கும். டீ விஷயம் வேறு. கடை டீ பெரும்பாலும் டஸ்ட் தூளில் போடுவது. கூடுதலாக இரண்டு நிமிடம் கொதித்தால் இறங்கிவிடும், கவலை இல்லை. ஆனால் எஸ்டேட் கடைகளில் நல்ல இலைத் தேயிலையை வாங்கிக் கொடுத்து "பால் ஊத்திப் போடுங்க" என்பது அந்த இலைக்குச் செய்யும் அநியாயம். அதைப் பாலில்லாமல், மூடி போட்டு நாலைந்து நிமிடம் ஊறவிட்டுக் குடிக்க வேண்டும்.

டீயோடு வர்க்கி, ஊட்டியின் அடுக்கு பிஸ்கட். ஈஸ்ட் போடாமல், ரவை, மைதா, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்க வைத்த 'மாவா'வைக் கலந்து பிசைந்து, கொழுப்பைத் தடவி மடித்து மடித்து, விறகடுப்பில் சுடுவது பழைய முறை. நல்ல வர்க்கி கையில் எடுத்தால் எடையே இருக்காது. உடைத்தால் அடுக்கடுக்காகப் பிரியும், நடுவில் ஈரம் இருக்காது. வாயில் மெழுகு மாதிரி படலம் ஒட்டினால் மட்டமான வனஸ்பதி. சூட்டோடு கட்டிய பொட்டலத்தை வாங்காதீர்கள். உள்ளே வேர்த்து, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும். ஆறியதை வாங்கி டின்னில் அடைத்தால் பல நாள் தாங்கும்.

நீலகிரியின் படுகர் சமூகத்தார் வீட்டுச் சாப்பாட்டைத் தேடி வருகிறவர்கள் ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் மெனு கார்டில் தேடினால் அகப்படுவது அரிது. ஹிட்டு என்னும் ராகிக் களி, அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து வைக்கும் உதக்க, பண்டிகைக்கான எண்ணெய் ஹிட்டு இவையெல்லாம் வீட்டு அடுப்பின் பொருள்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஹட்டிகளை (படுகர் ஊர்களை) ஒட்டிய ஹோம்ஸ்டேக்களில் ஒரு நாள் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிடைக்க வழியுண்டு. காய்ந்த அவரை ராத்திரி முழுக்க ஊற வேண்டும், ஆகவே அன்று காலையில் சொல்லி மதியம் எதிர்பார்க்கக் கூடாது. ஹோட்டல்களில் உள்ளூர்ச் சுவை வேண்டுமென்றால் காய்கறியில் தேடுங்கள்: கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளை எல்லாம் தோட்டத்திலிருந்து அன்றன்று வருபவை. மெஸ் பொரியலில் அந்த இனிப்பு தெரியும். பனீர் பட்டர் மசாலாவுக்கு ஊட்டி வர வேண்டியதில்லை. கொடைக்கானல் போனால் பட்டர் ஃப்ரூட், பேரிக்காய், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு ஆகியவற்றைப் பாருங்கள், பி.டி. ரோட்டில் திபெத்தியர் கைப்பக்குவ மோமோ கிடைக்கும், ஆவியில் அப்போதே வைத்து இறக்குவதால் குளிருக்கு மிகப் பொருத்தம்.

மலையேறும் வழி பற்றி. மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ பூரியும் பாலும் வயிறு முட்ட ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது வாந்திக்கு அழைப்பு. இரண்டு இட்லி, சட்னி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அவ்வளவுதான். வெறும் வயிறும் கூடாது, அதுவும் குமட்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர் வழியில் இருக்கும் பர்லியாரில் நிறுத்தினால் பருவத்தில் மங்குஸ்தான் கிடைக்கும். தோலை அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், கல்லாக இருந்தால் உள்ளே காய்ந்தது. சீசனில் மேலே போக குன்னூர் வழி, கீழே இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள், ஆகவே "திரும்பும்போது இந்தக் கடையில் சாப்பிடலாம்" என்ற திட்டம் பலிக்காது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலில் காலை ஏழு மணி வாக்கில் ஏறினால் ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும், பெட்டியில் சமையல் கிடையாது, கையில் ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள். கட்டுவதைப் பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை, சோதனைச் சாவடியில் பறிமுதலாகும், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டிலும் ஒரு தூக்குச்சட்டியும் இருந்தால் தண்ணீர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம், சாம்பார் பார்சலும் சிந்தாமல் வரும். வெளிமாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பில்லில் இரண்டு இடம் பாருங்கள். சாதாரண ஹோட்டலில் ஜிஎஸ்டி மொத்தம் 5 சதவீதம். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகள் உள்ள விடுதிகளின் உணவகத்தில் 18. ரிசார்ட்டில் ஒரு டீ குடித்துவிட்டு அதிர்ச்சி அடைவது இதனால்தான். ஜிஎஸ்டி எண் அச்சிடாத பில்லில் ஜிஎஸ்டி தொகை மட்டும் இருந்தால் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். சூடாகப் பரிமாறிய தம்பிக்கு அந்தப் பணத்தைக் கையில் கொடுங்கள், அது அவரிடமே போய்ச் சேரும்.

ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். குளிர்ந்த மாதங்களில் ஒன்பதைத் தாண்டினால் அடுப்பை அணைக்க ஆரம்பித்துவிடுவார்கள், மிச்சத்தைச் சூடாக்கித்தான் தருவார்கள். ஏழரைக்கு உட்கார்ந்தால் எல்லாம் புதிதாகக் கிடைக்கும். மைசூர்ப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு இன்னும் கறாரான கணக்கு: பந்திப்பூர்ச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். கூடலூரில் ஆறு, ஆறரைக்கு வண்டியை நிறுத்தி, அங்கே நன்றாக இருக்கும் மலபார் பரோட்டாவையும் கறியையும் சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குள் கிளம்பினால் நிதானமாகக் காட்டைக் கடக்கலாம். முதுமலைக்குள் நுழைந்தபின் நிறுத்திச் சாப்பிடலாம் என்று நம்பி வண்டியை விடாதீர்கள்.