கொலோன் கேம்ஸ்காமில் நான் எடுத்த படங்கள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் கேம்ஸ்காம் என்ற வீடியோ கேம் கண்காட்சியில் கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டுதான் எல்லோரும் சுற்றுகிறார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் வயதுக்கேற்ற நிறத்தில் கட்டிவிடுவார்கள். அங்கே விற்கும் கேம் உறைகளில் 12 வயதுக்குப் பச்சை, 16க்கு நீலம், 18க்குச் சிவப்பு என்று குறி இருக்கும். பட்டைக்கும் அதே கணக்கு. 18 வயதுக்கான கேம் என்றால் ஸ்டாலைச் சுற்றிச் சுவரே எழுப்பிவிடுகிறார்கள். வெளியே போகிற சிறுவனின் கண்ணில் உள்ளிருக்கும் திரை படக்கூடாது. இந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நான் போனது 2024இல். அந்த ஆண்டு மொத்தம் 3,35,000 பேர் வந்தார்கள். பெரிய நிறுவனங்களின் ஸ்டால்கள் பக்கம் நடக்கவே இடமில்லை. மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் என்ற கேம் கடைக்கு வர இன்னும் ஆறு மாதம் இருந்தது; அதை விளையாடிப் பார்க்க மடக்கு நாற்காலி சகிதம் வந்து மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். நான் வரிசையில் சேரவில்லை. வரிசையைத்தான் படம் எடுத்தேன். தரையில் சீட்டுக்கட்டைப் பரப்பி ஆடிக்கொண்டிருந்த நான்கு பேர், வரிசை ஓரடி நகர்ந்ததும் சீட்டு கலையாமல் துணியோடு இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். திரைகளைப் படம் எடுத்து என்ன பயன்? அதைவிடத் தெளிவான வீடியோ வீட்டிலேயே பார்க்கக் கிடைக்கும். இந்த மனிதர்கள் அங்கே மட்டும்தான் கிடைப்பார்கள்.

ஆனால் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒருவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஜெர்மனியில் 1907லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். காஸ்பிளே செய்து, அதாவது கேம் பாத்திரங்கள்போல் வேடமிட்டு வந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக நிற்பார்கள். கவசம் அணிந்த ஒரு பெண் மட்டும் “ஒரு நிமிஷம்” என்றார். தோள் கவசத்தின் வார் பிய்ந்திருந்தது. தோழி பின்னால் நின்று டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். இரும்பு என்றே நினைக்கத் தோன்றும் அந்தக் கவசம் முழுக்க ஃபோம் ஷீட். வெட்டி, சூடு காட்டி வளைத்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்தது. டேப் ஒட்டும் கையையும் எடுக்கலாமா என்று கேட்டேன். இருவருமே சிரித்துக்கொண்டு சரி என்றார்கள்.

அதிக நேரம் நான் இருந்தது பழைய கேம்கள் வைத்திருந்த பகுதியில். கமடோர் 64, அமிகா போன்ற பழைய வீட்டுக் கணினிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதுவும் அந்தக் காலத்துக் குண்டு டிவிகளிலேயே. ஒரு மேசையில் டரிக்கன். 1990இல் வந்த கேம். அதன் அமிகா பதிப்பைச் செய்த ஃபாக்டர் 5 இதே கொலோனில் தொடங்கிய நிறுவனம். சொந்த ஊரில் அதை ஓடவிட்டிருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பத்து வயது இருக்கும், ஒரு சிறுவன் ஆடிக்கொண்டிருந்தான். கையில் சிவப்புக் குமிழ் வைத்த காம்பெடிஷன் புரோ ஜாய்ஸ்டிக்; அசைக்கும்போதெல்லாம் டிக் டிக் என்று சத்தம். கடைசி உயிரும் போனதும், மேசையைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டான். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாதா என்பதுதான் கேள்வி என்று பெரியவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். முடியாது, முதலிலிருந்துதான். பையன் முகம் சுளிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி தொடங்கினான்.

குண்டு டிவியைப் படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐரோப்பிய டிவியில் நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் படம் வரையப்படும். ஷட்டர் அதைவிட வேகமாக மூடினால் திரையின் ஒரு பகுதி கறுப்பாக விழும். நான் 1/25 நொடி வைத்தேன். திரை முழுதாக வந்தது. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்த விரல்கள் மட்டும் வேகத்தில் கலங்கியிருந்தன. எனக்குப் பிடித்த படம் அதுதான்.

அப்புறம் இண்டி கேம்கள், அதாவது பெரிய நிறுவனம் இல்லாமல் சிறு குழுக்கள் தாங்களே செய்தவை. இரண்டே பேர் செய்த ஒரு புதிர் கேமை ஆடினேன். செய்தவரில் ஒருவர் என் பின்னால் நின்று, திரையைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கதவருகே நான் தயங்கியதும் நோட்டில் ஒரு கோடு போட்டார். அந்தப் பக்கம் முழுக்கக் கோடுகள். அத்தனை பேரும் அதே கதவில்தான் நின்றிருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனிக் குழு வைத்திருக்கும். இவர்களுக்கு வருகிறவர்கள்தான் குழு.

மறுநாள் அந்த வழியாகப் போனபோது அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். இரவு விடுதி அறையில் உட்கார்ந்து அந்தக் கதவுக்கு மேலே ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் ஏற்கெனவே வழி தெரியுமே என்றேன். அதற்குள் பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒருவர் வந்து ஆடத் தொடங்கியிருந்தார். நாங்கள் இருவரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தயங்கவே இல்லை, நேராகக் கதவுக்குள் போய்விட்டார். கேமைச் செய்தவர் என் தோளில் ஓங்கித் தட்டினார். நான் கேமராவை எடுப்பதற்குள் தன் கூட்டாளியிடம் சொல்ல ஓடிவிட்டார்.