தாத்தா புத்தகம்: நான்கு மாத வேலையில் இதுவரை

தாத்தா 92 வயது வரை இருந்தார். கடைசி மாதத்தில்கூட கொள்ளுப்பேத்தியின் பொம்மைக்கு உடைந்த காலை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு புத்தகம் போடலாம், வீட்டுக்குள் மட்டும், பத்துப் பிரதி போதும் என்று நான் சொன்னபோது அத்தை சிரித்தார். "என்னடா எழுதுவ? அவருக்குத்தான் ஒண்ணுமே ஆகலையே!"

அத்தை சொன்னது சரிதான் என்று முதல் வாரமே தெரிந்தது. ஒரு நோட்டில் ஆண்டுவாரியாக எழுத உட்கார்ந்தேன். பிறந்தது, வேலையில் சேர்ந்தது, கல்யாணம், நான்கு பிள்ளைகள், ஓய்வு. பதினான்கு வரியில் தீர்ந்துபோனது. வழக்கு நடந்த வீட்டில் காகிதம் இருக்கும், நோய் வந்த வீட்டில் ஃபைல் இருக்கும். சந்தோஷமாக வாழ்ந்துவிட்டுப் போனவர் எதை எடுத்து வைத்திருப்பார்? ஒரு தகரப் பெட்டி நிறையப் படங்கள், ஒன்பது கேசட்டுகள். அவ்வளவுதான் கிடைத்தது.

படங்களில் ஆரம்பித்தேன். பழைய 120 ரோல் கேமராவில் எடுத்தவை நிறைய. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். நெகட்டிவ் அளவுக்கே பிரிண்ட் போட்டிருந்தார்கள், இரண்டேகால் அங்குலம். முதல் ஐம்பது படங்களை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்து வைத்தேன். கொஞ்சம் பெரிதாக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. கணக்குப் போட்டால் அபத்தம் புரியும்: அங்குலத்துக்கு 300 என்றால் இரண்டேகால் அங்குல அகலத்தில் 675 புள்ளிதான். அதே படம் 1200இல் 2700 புள்ளி. அச்சிலும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஒன்பது அங்குலம் வரை தாங்கும். நெகட்டிவிலிருந்து நேரடியாகப் போட்ட பிரிண்ட் என்பதால் அவ்வளவு விவரமும் உள்ளே இருந்தது. ஐம்பதையும் திரும்பச் செய்தேன். பிற்பாடு வந்த ஆறுக்கு நான்கு வண்ணப் படங்களுக்கு 600 போதும்.

ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பம் ஒன்று இருந்தது. அந்தப் பசை வருடங்கள் ஆக ஆகப் பழுப்பேறி, படத்தை விடவே விடாது. நகத்தால் கிளப்பப் போய் ஒரு மூலை கிழிந்தது. அதில் யாருடைய முகமும் இல்லை, தப்பித்தேன். அப்புறம் பல்லிடுக்கில் விடும் மெல்லிய நூலை அடியில் நுழைத்து, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்து எடுத்தேன். வராத படங்களைப் பக்கத்தோடு வைத்தே ஸ்கேன் செய்துவிட்டேன். இதில் வீரம் காட்ட வேண்டியதில்லை.

மொத்தம் 312 படங்கள். எண்ணி முடித்தபோதுதான் உறைத்தது: தாத்தா இருப்பவை 19. கேமரா எப்போதும் அவர் கையில். பன்னிரண்டில் ஒன்றைக்கூடத் தனக்காக அவர் ஒதுக்கவில்லை.

இரண்டாவது மாதம் சொந்தக்காரர்களிடம் கேட்டு எழுதினேன். "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான்: "தங்கமான மனுஷன்." ஏழு பேர், ஏழு தங்கம். அப்புறம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டு, படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். பேச்சு தானாக வந்தது. ஜான் காலியர் என்ற மானிடவியலாளர் படங்களைக் காட்டிப் பேட்டி எடுக்கும் முறையைப் பற்றி 1957இலேயே எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சித்தப்பா ஒரு சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு, தாத்தா தன்னை ஓட்டப் பழக்கியபோது பின்னால் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே எப்போதோ கையை விட்டுவிட்டதையும், தெருமுனைவரை கூடவே ஓடிவந்ததையும் சொன்னார். "பிடிக்கலைன்னா ஏம்பா ஓடி வந்தீங்கன்னு கேட்டேன். நீ ஓட்டறதைப் பார்க்க வேண்டாமான்னாரு." தங்கத்தைவிட இது எனக்குப் பயன்பட்டது.

இதற்கிடையே படங்களைச் சுத்தம் செய்யும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. கோணலை நிமிர்த்துவது, கீறலை மறைப்பது, தேவையில்லாத ஓரங்களை வெட்டுவது. நிறையப் படங்களின் அடியில் ஒரு கருநிழல் தரையோடு நீண்டு பிள்ளைகளின் கால்வரை வந்திருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாவற்றிலும் வெட்டிவிட்டேன். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடுக்க வேண்டும் என்பது அந்தக் காலக் கேமராக்காரர்களின் பாலபாடம். அதனால் காலையிலும் மாலையிலும் எடுப்பவரின் நிழல் படத்துக்குள் விழும். அதாவது நான் வெட்டியது தாத்தாவை. பதினேழு படங்களை முடித்த பிறகுதான் இது மண்டையில் ஏறியது. மூல ஸ்கேன்களை டிஃப் கோப்புகளாகத் தனியே வைத்திருந்ததால் எல்லாம் திரும்பக் கிடைத்தது. நிழல் உள்ள படங்கள் 23.

இந்தப் பாடத்தை ஒழுங்காகக் கற்றிருந்தால் கேசட்டில் அதே தவறைச் செய்திருக்க மாட்டேன்.

கேசட் வேலைக்குப் பொறுமை வேண்டும். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் ஓடும், அவசரப்படுத்த முடியாது. சி-60 என்றால் பக்கத்துக்கு அரை மணி உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒன்றில் நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்தும் குட்டிப் பஞ்சு உதிர்ந்து, சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. திருகாணி உள்ள இன்னொரு கேசட்டின் கூட்டுக்கு அந்த நாடாவை மாற்றினேன், சரியானது. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒலிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐஏஎஸ்ஏ சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. மோனோவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 260 எம்பி வந்தது.

நான்காவது கேசட்டில் அப்பா சின்னப் பையனாகப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார். இரைச்சல் அதிகம். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க, பேச்சே இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அப்பா ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்த நான்கு நொடியைக் காட்டினேன். வாய்ப்பாடு பளிச்சென்று வந்தது. பெருமையாக அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

முழுதும் கேட்டார். "என் குரல் நல்லா இருக்கு. பின்னாடி தாத்தா எதையாவது முனகிக்கிட்டே இருப்பாரே, அது எங்க?"

மூலத்தை ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். அந்த நான்கு நொடி வெறும் இரைச்சல் இல்லை. தூரத்தில் தாத்தா மெட்டு எதையோ முனகுகிறார். நான் அதையே இரைச்சல் என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். மென்பொருளும் சொன்னபடி கேட்டு, அதற்குப் பின்னால் அவர் பேசியதையெல்லாம் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல நசுக்கிவிட்டது.

சுத்தம் செய்யாத பதிவில், வாய்ப்பாடு முடிகிற நேரத்தில் இப்படி ஒன்று இருக்கிறது. எல்லோரும் எங்கேயோ கிளம்புகிறார்கள். தாத்தா தலை எண்ணுகிறார், ஒண்ணு, ரெண்டு என்று நிதானமாக. பத்தில் நின்றுவிடுகிறார். "பதினொரு பேராச்சே, யாரு குறையுது?" மறுபடி எண்ணுகிறார். மறுபடியும் பத்து. பாட்டியின் குரல்: "உங்களை எண்ணினீங்களா?" ஆற்றைக் கடந்துவிட்டு ஒருவரைக் காணோம் என்று அழுத அந்த மடச் சீடர்கள் கதையேதான். ஒரு நொடி அமைதி. அப்புறம் சிரிப்பு, முதலில் அவருடையது. பொத்தான் அமுங்கும் சத்தத்தோடு நாடா முடிகிறது.

அந்தச் சிரிப்பைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். வேலை அன்றைக்கு நகரவில்லை.

இப்போது 64 பக்கத்தில் 40 முடிந்திருக்கிறது. பதினான்கு வரி ஆண்டுக்கணக்கைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். கேசட்டின் மீதிப் பக்கங்களை இரைச்சலோடே வைத்துக்கொள்கிறேன். உஸ்ஸென்ற சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெட்டியில் ஒரு படம்: வாசலில் வரிசையாகப் பத்துப் பேர், கையில் பை, அடியில் நீண்ட நிழல். கேசட்டில் உள்ள அதே நாள்தான் என்கிறார் அப்பா. அத்தை ஒப்பவில்லை, அந்தச் சட்டை அதற்கு மறு வருஷம் தைத்தது என்கிறார். இது தீரும்வரை ஆண்டு போடப்போவதில்லை. பிரிண்டின் பின்னால் மெல்லிய பென்சிலால் இடமிருந்து வலமாகப் பத்துப் பெயரை எழுதினேன். (பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும், அழுத்தினால் தடமும் விழும்.) பிறகு நிழல் இருக்கும் இடத்துக்கு நேராகத் தாத்தாவின் பெயர்.

அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு உயரமெல்லாம் இல்லடா எங்கப்பா."