கம்பி மாற்றாத கிற்றார்

எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் பள்ளிக்கூட விடுதியில் இருந்தவர்களுக்கு, நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று தலைப்பிலேயே விளங்கியிருக்கும். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் அண்ணை என்றே எழுதுகிறேன்.

அண்ணை இடதுகைக்காரர். சங்கீதம் படித்தவரில்லை. வகுப்பு நண்பர் ஒருவரிடம் இருந்த கிற்றாரைக் கேட்டு வாங்கி, அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கிற்றார் வாசிப்பவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும்: மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே போய்விடும், மெல்லியது மேலே வந்துவிடும், புத்தகத்தில் போட்டிருக்கும் கோர்ட் (பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் முறை) படம் ஒன்றும் விரலுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு கோர்ட்டையும் அவர் காதால் தேடித்தான் பிடித்தார். பின்னேரங்களில் இலங்கை வானொலியில் ஒரு பாட்டுப் போனால் அன்றிரவு படிப்பு நேரம் முடிந்ததும் கிணற்றுக்கட்டில் இருந்து அதைத் தேடத் தொடங்குவார், நாங்கள் சுற்றி இருப்போம்.

“அண்ணை, கம்பியை மாத்திப் போட்டா லேசுதானே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கிற்றார் என்ரை இல்லைத் தம்பி. நான் மாத்திப்போட்டா அவன் எப்பிடி வாசிக்கிறது?”

அது ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் எங்களைப் பிடித்து ஆட்டிய பொப் இசைக் காலம். பைலா என்ற துள்ளல் பாட்டு அடிக்காத விடுதி இராப்பொழுது இல்லை. மற்றவர்கள் கையைக் கீழே இழுக்கும்போது முதலில் தடித்த கம்பி முழங்கி மெல்லிய கம்பியில் முடியும், அண்ணைக்கு முதலில் மேலே கிலுங்கிப் பிறகுதான் அடியில் ‘தொம்’ என்று விழும். அதனால் அதே பைலா அவர் கையில் வேறு நடை நடந்தது. இடையில் வாயால் ட்ரம்பெற் ஊதுவார், அதிபர் நடப்பதுபோல நடந்து காட்டுவார். குசினி ஐயா கரண்டியோடு வாசலில் வந்து நின்று கிடாரத்தில், அதாவது பெரிய சமையல் பாத்திரத்தில், தாளம் போடுவார். கிரிக்கெட் பெரிய மட்ச் நாளில் லொறியின் மேல் நின்று அண்ணை வாசித்த வாசிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

பிறகு எல்லோரும் சிதறிப்போனோம். நான் ரொறன்ரோவுக்கு வந்தேன்.

சில வருடங்களுக்கு முன் மகளின் கிற்றார் ஆசிரியர் ஒரு பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினார். நரைத்த ஒரு கறுப்பின அம்மா, மடியில் கிற்றார், தலைகீழாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எலிசபெத் கொட்டன், 1893இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர், இடதுகைக்காரர். சின்ன வயதில் அண்ணனுடைய பான்ஜோ என்ற கம்பி வாத்தியத்தை எடுத்து வாசித்தாராம், அண்ணனுடையது என்பதால் கம்பியை மாற்ற முடியவில்லை. பிறகு வீட்டு வேலை செய்து உழைத்த காசில் 3 டொலர் 75 சதத்துக்குச் சொந்தக் கிற்றார் வாங்கியும் கை அதே வழியில்தான் போயிருக்கிறது. பெருவிரலால் மெட்டு, மற்ற விரல்களால் அடிச்சுருதி, அதாவது மற்றவர்கள் செய்வதற்கு நேர்மாறு. பல பத்து வருடம் வாத்தியத்தைத் தொடாமலே விட்டிருந்தவர், சீகர் என்ற இசைக் குடும்பத்தின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அங்கே சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்து மறுபடி வாசித்தார். முதல் இசைத்தட்டு வந்தது 1958இல், அறுபது வயதைக் கடந்து. தொண்ணூறைத் தாண்டிக் கிராமி விருதும் வாங்கிவிட்டுத்தான் 1987இல் கண்ணை மூடினார். இந்த அம்மாவை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.

வீடியோவை அண்ணைக்கு அனுப்பினேன். அவர் ஊரில்தான் இருக்கிறார், இப்போது சொந்தக் கிற்றார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் விடியப்புறம் தொலைபேசி அடித்தது.

“தம்பி, அந்த அம்மா பெருவிரலாலை எல்லோ பாட்டை எடுக்கிறா! நான் இவ்வளவு காலமும் எல்லாக் கம்பியையும் சேத்தெல்லோ இழுத்தனான். பொறு, போனைக் கீழை வைக்கிறன், கேள்.”

மெதுவாக, தட்டுத்தடுமாறி, மேல் கம்பியில் ஒரு மெட்டு வந்தது. கம்பி இன்னும் மாற்றவில்லை.